நாற்பத்திரண்டாம் தெருவுக்கு இரண்டு பக்கம்

1

நேற்று என் பஸ்ஸில் ஏறிய ஒரு பயணி என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். இரண்டு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்விதான். வீட்டுக்கு வந்து, சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிய பிறகும் அது என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். கேள்வி என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

நான் இருப்பது நியூயார்க். பிறந்தது சித்தூர் ஜில்லாவில் விஜயபுரத்துக்குப் பக்கத்து ஊரில். இங்கே யாராவது கேட்டால் 'மெட்ராஸ் பக்கம்' என்று சொல்லி முடித்துவிடுவேன். கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்று தெரியாமல் ஊர்ப் பெயரைக் கொடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

மேல்தளம் திறந்த பஸ்ஸில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிக் காட்டும் கம்பெனியில் வேலை. இந்தக் குளிர்காலம் வரை பஸ்ஸில் இல்லை, நடைபாதையில். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தேன். பஸ்ஸின் மேல்தளத்தில் நின்று மைக் பிடித்துப் பேச வேண்டுமென்றால் நகர நிர்வாகம் நடத்தும் தேர்வில் தேறி லைசென்ஸ் வாங்க வேண்டும். குளிர்காலம் வந்தால் நடைபாதை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மைக் பிடிக்கிறவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள்.

என் கணவரின் கம்பெனி டெக்சாஸுக்குப் போய்விட்டது. அவரும் கூடவே போனார். நானும் மகள் அனுவும் இங்கேயே இருந்துகொண்டோம், அவளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம் என்பதால். என் வேலை போனால் நடுவருஷத்தில் அவளைப் பிடுங்கிக்கொண்டு டெக்சாஸ் போக வேண்டும். "நான் வரமாட்டேன்" என்று அவள் ஒரே முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. பேசாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆக, குளிர் வருவதற்குள் எனக்கு லைசென்ஸ் வேண்டியிருந்தது.

விண்ணப்பம் கொடுக்கப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் என் பாஸ்போர்ட்டையும் பழைய பிறப்புச் சான்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒன்றில் ஆந்திரப் பிரதேசம், மற்றதில் சென்னை ராஜதானி, ஊர் மட்டும் ஒன்றே. எந்த வயதில் குடிபெயர்ந்தீர்கள் என்று கேட்டார். கல்யாணம் ஆகிறவரைக்கும் எங்களுக்கு அதே வீடுதான் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். இவ்வளவு கேட்கிறாரே, இவர் யார் என்று நானும் அவரைச் சந்தேகமாகப் பார்த்தேன். கடைசியில் மேலதிகாரி வந்து கையெழுத்துப் போட்டார்.

2

அதே கம்பெனியில், ஐந்தாவது அவென்யூ மூலையில் டிக்கெட் விற்றவர் முனிரத்தினம். எங்கள் பக்கத்தில் இந்தப் பெயரை வைத்து ஒரு ஆளைத் தமிழா தெலுங்கா என்று கண்டுபிடிக்க முடியாது, இரண்டு பக்கமும் புழங்கும் பெயர். எனக்கு முதல் சந்தேகம் அதிலேயே வந்தது.

ஒருநாள் வரிசையில் நிற்காமல் இடித்துக்கொண்டு வந்த ஒரு ஆளை நான் தெலுங்கில் திட்டினேன். எனக்குக் கணக்குப் போடத் தமிழும் திட்டத் தெலுங்கும்தான் வாகு. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏம்மா, எந்த ஊரு?"

"மெட்ராஸ் பக்கம். நீங்கோ?"

"திருப்பதிம்மா."

நான் காலேஜ் படித்தது திருப்பதியில். ஆகவே சும்மா விடவில்லை. "எந்த ஸ்கூல்ல படிச்சீங்கோ?"

"ஸ்கூலா? புத்தலப்பட்டு ஸ்கூலு."

"வீடு திருப்பதி, ஸ்கூலு புத்தலப்பட்டா? தினமும் பஸ்ஸேறிப் போய்க்கினு வந்துக்கினு இருந்தீங்களா?"

மனிதர் மாட்டிக்கொண்டதும் சிரித்துவிட்டார். "சரிம்மா, ஒப்புக்கறேன். சொந்த ஊரு புத்தலப்பட்டுதான். அந்தப் பேரைச் சொன்னா இங்க எவனுக்குத் தெரியும்? தேவுடு ஊரைச் சொன்னா மனுஷன் நம்புறான். நீ மட்டும் மெட்ராஸ்னு சொல்றியே, மெட்ராஸ்ல எந்த வீதி?"

நான் டிக்கெட்டுகளை எண்ணத் தொடங்கினேன். இப்படித்தான் எங்கள் பழக்கம் ஆரம்பமானது, இரண்டு பொய்யில்.

அவரும் அதே தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தார். புத்தகமோ தலையணை கனம். எந்தச் சிலை யாருடையது, எந்தத் தேவாலயம் எதற்கு முந்தியது, எந்தப் பாலம் எங்கே இறங்குகிறது என்று ஊர் முழுவதையும் கேட்பார்கள். நாள் முழுக்க நடைபாதையில் நின்றுவிட்டுத் தனியாளாய் இதைப் படித்து முடிப்பது நடக்கிற காரியமில்லை. ஊரைப் பாதியாக வெட்டிக்கொள்ளலாம், ஆளுக்கொரு பாதியைப் படித்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுக்கலாம் என்று அவர்தான் யோசனை சொன்னார்.

"நாப்பத்திரண்டாம் தெருவு எல்லை. வடக்கு எனக்கு, தெற்கு உனக்கு" என்றார்.

எல்லை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். எதற்கு இவர் முந்திக்கொண்டு வடக்கைக் கேட்கிறார்? சரியென்று தலையாட்டினால் அடுத்த தகராறு வந்தது. இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும் பெரிய நூலகம் நாற்பத்திரண்டாம் தெருவுக்குத் தெற்கே வருகிறது. நியாயப்படி எனக்குச் சேர வேண்டும். தான் டிக்கெட் விற்கிற மூலை அது, தினமும் பார்க்கிற சிங்கம், விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றார். அப்படியானால் தெருவுக்கு வடக்கே இருக்கும் பெரிய ரயில் நிலையத்தை எனக்குக் கொடுங்கள் என்றேன். கொஞ்சநேரம் முறைத்துக்கொண்டோம். பிறகு நூலகம் அவருக்கு, ரயில் நிலையம் எனக்கு என்று தீர்ந்தது. இரண்டு பேருக்கும் திருப்தியில்லை.

மதியம் கூட்டம் குறைந்ததும் பிளாஸ்க் டீயைக் குடித்துக்கொண்டு பாடம் நடக்கும். அவர் வடக்கை ஒப்பிப்பார், நான் தெற்கை ஒப்பிப்பேன். சிங்கங்களுக்குப் பெயர் உண்டு, ஒன்று பொறுமை, மற்றது மனவுறுதி. "பொறுமை வலது பக்கம், மனவுறுதி எடது பக்கம்" என்று சொன்னார். என் ரயில் நிலையத்தின் கூரையில் வான மண்டலமே எழுதியிருக்கிறது, ஆனால் நட்சத்திரக் கூட்டங்கள் கிழக்கு மேற்காகத் திரும்பி இருக்கின்றன, வானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கடவுள் பார்த்தால் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறது என்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

3

இந்தச் சந்தேகம் எனக்கு நியூயார்க்கில் வந்தது இல்லை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆந்திரா மெட்ராஸிலிருந்து பிரிந்து தனி மாநிலமாகிவிட்டது. எல்லை மட்டும் தீரவில்லை. நான் எழுத்துப் படிக்கிற வயதில் எங்கள் பக்கத்தில் வேறு பேச்சே கிடையாது. இந்த ஊர் மெட்ராஸுக்கு, அந்த ஊர் ஆந்திராவுக்கு என்று வாரத்துக்கு ஒரு சேதி வரும். ஊர் ஊராக எந்த மொழி பேசுகிறவர்கள் அதிகம் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். அது போதாதா? நேற்றுவரை ஒரே கிணற்றில் இறைத்தவர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் என்ன மொழியில் குழந்தையைக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுக்க ஆரம்பித்தார்கள். ஒருமுறை ஒரு ஆள் கிணறுகளை எல்லாம் எட்டிப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டு போனான். எல்லைக் கணக்கெடுக்க வந்தவன் என்று ஊரே அவன் பின்னால் போனது. தமிழ் வீட்டில் தமிழில் கும்பிட்டார்கள், தெலுங்கு வீட்டில் தெலுங்கில் கும்பிட்டார்கள். அவன் பம்புசெட் விற்க வந்தவன்.

என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, வேர்க்கடலை போடுகிற விவசாயி. யாரையும் நம்பமாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் இரண்டு பேரிடம் கேட்பார், வீட்டில் தமிழ் பேசுகிற ஒருவரிடம், தெலுங்கு பேசுகிற ஒருவரிடம். வழி கேட்டாலும் சரி, கடலை விலை கேட்டாலும் சரி. முதல் ஆள் பதில் சொன்னதும் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்துவார். "இருங்கோ, இன்னொருத்தரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கினு வந்துடறேன்" என்று முதல் ஆளிடமே சொல்லிவிட்டுப் போவார். அந்த ஆள் முகம் எப்படிப் போகும் என்பதைப் பற்றிக் கவலைப்படமாட்டார். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருக்கிற எனக்குத்தான் மானம் போகும்.

என்னைப் பள்ளியில் சேர்க்கும்போது இந்தப் பழக்கம் என் தலையில் விடிந்தது. ஒரே கூரைக்குக் கீழே தமிழ் வாத்தியார் ஒரு மூலையில், தெலுங்கு வாத்தியார் ஒரு மூலையில். எதில் உட்கார வைப்பது? ஊர் மெட்ராஸுக்குப் போனால் தமிழ் வேண்டும், ஆந்திராவில் நின்றால் தெலுங்கு வேண்டும். நைனா சித்தூருக்குப் போய்க் கேட்டார், மெட்ராஸுக்குத்தான் என்றார்கள். திருப்பதிக்குப் போய்க் கேட்டார், ஆந்திராவுக்குத்தான் என்றார்கள்.

"ரெண்டு பேரும் அடிச்சு சொல்றானுங்கோ. எவனுக்கும் ஒண்ணும் தெரியல" என்று அம்மாவிடம் சொன்னார். "இவ ரெண்டையும் படிக்கட்டும்."

பகலில் தமிழ் மூலை. சாயங்காலம் ஒரு தெலுங்கு வீட்டில் அ ஆவிலிருந்து மறுபடியும். மற்ற பிள்ளைகள் விளையாடும்போது நான் இரண்டாவது தடவையாக ஒன்றாம் வகுப்புப் படித்தேன். அழுதிருக்கிறேன், பலகையை உடைத்திருக்கிறேன். கடைசியில் எல்லை தீர்ந்தது. திருத்தணி மெட்ராஸுக்குப் போனது, எங்கள் ஊர் ஆந்திராவில் நின்றது. தமிழ் மூலையில் மட்டும் உட்கார்ந்த என் தோழிகள் பெரிய பள்ளிக்குப் போனதும் தெலுங்குப் பாடம் புரியாமல் திருதிருவென்று விழித்தார்கள். நான் விழிக்கவில்லை. நைனா அதைப் பற்றி ஒரு வார்த்தை பெருமை பேசவில்லை. தீர்ப்பு வந்த சேதியைக்கூட இரண்டு பேரிடம் கேட்ட பிறகுதான் நம்பினார்.

அந்த வருஷங்களில் ஒருமுறை திருப்பதிக்குப் பக்கத்துத் திருச்சானூர் கோயிலுக்குப் போயிருந்தோம். தாயாரைச் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது, பிரசாதம் எங்கே கொடுக்கிறார்கள் என்று ஒரு லாட்ஜ்காரரிடம் நைனா கேட்டார். "தாயாருக்கு வலப்பக்கம் போங்க" என்றார் அவர். நாங்கள் சந்நிதியைப் பார்த்து நின்றபடியே எங்கள் வலது பக்கம் போனோம். அங்கே ஒன்றுமில்லை. சுற்றி வளைத்து வந்து சேர்ந்தபோது பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் பசியில் அழுதேன். ஊர் திரும்புகிறவரை நைனா அந்த ஆளைத் திட்டித் தீர்த்தார். "நாம தமிழ் பேசறோம்னு தெரிஞ்சுக்கினு வோணும்னே சுத்த உட்டான்" என்றார். அவசரத்தில் இரண்டாவது ஆளைக் கேட்காமல் போனேனே என்று தன்னையும் திட்டிக்கொண்டார்.

அந்த லாட்ஜ்காரனை நானும் வெகுகாலம் மன்னிக்கவில்லை.

4

இலையுதிர் காலம் பாதி போனபோது, கம்பெனி ஆபீஸில் வேலை செய்யும் மரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். குளிர்காலத்துக்குப் புதிதாக ஒரே ஒரு வழிகாட்டியைத்தான் எடுக்கப் போகிறார்களாம். "நீயும் உன் நண்பரும் சேர்ந்து படிக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்" என்றாள்.

அன்று மதியம் முனிரத்தினம் வழக்கம்போல டீயை ஊற்றிக் கொடுத்தார். நான் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இவருக்கு இது முன்னமே தெரியுமோ? தெரிந்துதான் பாதிப் பாதி யோசனை சொன்னாரோ? நான் படிக்காத பாதி முழுக்க இவர் வாயிலிருந்து வந்தது. அதில் பத்து இடத்தில் மாற்றிச் சொல்லிவிட்டால் என் கதை முடிந்தது. வடக்கை ஏன் முந்திக்கொண்டு கேட்டார்? நூலகத்துக்கு ஏன் அப்படிச் சண்டை போட்டார்? ஒவ்வொன்றும் இப்போது வேறு மாதிரி தெரிந்தது.

வீட்டிலும் எனக்கு அதே புத்தி. அனு ஒருநாள் தோழி வீட்டில் படிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த வீட்டுக்குப் போன் செய்து, தோழியின் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அது அனுவுக்குத் தெரிந்துவிட்டது.

"உனக்கு ஒருத்தர் சொன்னா போதாதா அம்மா? நான் சொன்னா போதாதா?" என்றாள். அதற்குப் பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசினாள். கேட்டதற்கு மட்டும் பதில், அதுவும் வங்கியில் பேசுகிற மாதிரி மரியாதையாக. எனக்கு அடித்துக்கொண்டு அழவேண்டும்போல இருந்தது. ஆனாலும் போன் செய்தது தப்பென்று மனசு ஒத்துக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் வடக்குப் பாதிக்குக் கிளம்பினேன். முனிரத்தினம் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுவது என்று. பூங்காவின் வாசலில் இருக்கும் தங்கநிறக் குதிரைவீரன், தேவாலயத்தின் இரட்டைக் கோபுரம், அருங்காட்சியகத்தின் படிக்கட்டு என்று நடந்தேன். இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்திக் கேட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. சரியாக இருக்க இருக்க எனக்குச் சந்தேகம்தான் கூடியது. இவ்வளவு சரியாகச் சொல்கிறவர் எங்கேயோ ஒரு இடத்தில் பொறி வைத்திருப்பார்.

கடைசியாக நூலகத்துக்கு வந்தேன். சிங்கங்களுக்கு எதிரே நின்றேன். வாசல் காவலாளியைக் கேட்டேன். பொறுமை எது? "தெற்கே இருப்பது" என்று கை நீட்டினார். படம் போட்ட தபாலட்டை விற்கிற பெண்ணைக் கேட்டேன். அவளும் தெற்கையே காட்டினாள். நான் நிற்கிற இடத்திலிருந்து அது இடது பக்கம்.

முனிரத்தினம் சொன்னது வலது பக்கம்.

கிடைத்துவிட்டது என்று தோன்றியதும் எனக்கு வந்தது கோபம் இல்லை, ஒரு நிம்மதி. ஆளைப் பிடித்துவிட்டேன் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

5

நாற்பத்திரண்டாம் தெருவில் திரும்பினேன். எதிரே கழுத்தைப் பிடித்துக்கொண்டு முனிரத்தினம் வந்துகொண்டிருந்தார்.

"இன்னா அண்ணே, லீவு நாள்ல இந்தப் பக்கம்?"

"சும்மா, கடைக்கு வந்தேன்மா." கையில் பை இல்லை. "நீ?"

"நானும் கடைக்குத்தான்." என் கையிலும் பை இல்லை.

என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணே, பொறுமை எந்தப் பக்கம்?"

"வலது பக்கம். அன்னைக்கே சொன்னேனே."

"இப்பதான் நேரா நின்னு பாத்துக்கினு வர்றேன். எடது பக்கம் கீது. ரெண்டு பேரக் கேட்டுட்டேன். எதுக்கு அண்ணே மாத்திச் சொன்னீங்கோ? ஒரே ஒரு இடம்தான்னு தெரிஞ்சுக்கினுதானே?"

அவர் முகம் விழுந்துவிட்டது. "ஒரே இடமா? எவரு சொன்னது?"

"மரியா."

அவர் என்னை நூலகத்துக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். படியேறி, வாசலுக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து, கருவறையில் நிற்கிற மாதிரி நிமிர்ந்து நின்றார். போகிறவர் வருகிறவரெல்லாம் பார்த்தார்கள்.

"இங்க பாரும்மா. நான்தான் சாமி. என் வலது கை எது?" கையை நீட்டினார். கை தெற்குச் சிங்கத்தைக் காட்டியது.

"கோயில்ல நாம எப்படிச் சொல்லுவோம்? சாமிக்கு வலப்பக்கம், சாமிக்கு எடப்பக்கம்னுதானே? எதிர நிக்கிறவனுக்கு எந்தப் பக்கம்னு எவனாவது சொல்லுவானா? சின்ன வயசுல திருச்சானூர் லாட்ஜ்ல வேலை செஞ்சப்ப எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன், தாயாருக்கு வலப்பக்கம் போங்கன்னு!"

கழுவிக்கொண்டிருந்த பாத்திரம் கண்முன் வந்தது. நைனா வழியெல்லாம் திட்டிய அந்த ஆள் எங்களைச் சுற்றவிடவில்லை. சரியான வழியைத்தான் சொன்னார். நாங்கள்தான் எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். அந்த ஆள் முனிரத்தினமாக இருக்க முடியாது, வயது ஒத்துவராது. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

ஆனாலும் சட்டென்று இறங்கிவர என்னால் முடியவில்லை. "சாமி உள்ள இருந்தாத்தான் அந்தக் கணக்கு செல்லும். இது புஸ்தகம் வச்சிருக்கிற எடம்" என்றேன்.

"அப்போ உன் ரயிலடி மட்டும்?" அவர் குரல் ஏறியது. "கூரையில வானத்தைத் தேவுடு பாக்கிற மாதிரி திருப்பி எழுதியிருக்குதுன்னு நீ சொன்னப்போ, இவ என்னைக் கவுக்கப் பாக்கறான்னு நினைச்சேன். எவனாவது வானத்தைத் திருப்பி எழுதுவானா? தூக்கமே வரல. காலையிலேருந்து உன் பாதி மொத்தம் நடந்து பாத்தேன். கடைசியில அங்க போய், புகை புடிச்ச கூரையை அண்ணாந்து பாத்து, ரெண்டு பேரைக் கேட்டுட்டு வர்றேன். நீ சொன்னது நிஜம்தான். கழுத்துதான் திரும்பல."

"ரெண்டு பேரையா கேட்டீங்கோ?"

"ஒருத்தன் சொன்னா எப்படிம்மா நம்புறது?"

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முதலில் அவர் சிரித்தார், பிறகு நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும். ஒரே இடம்தான் என்பது அவருக்கு உண்மையிலேயே தெரியாதா என்று அப்போதும் பாதி மனசு கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

"இனிமே வலது எடது வேணாம்மா. தெற்கு வடக்குன்னே சொல்லிக்கலாம்" என்றார் முனிரத்தினம். "இடம் ஒண்ணோ ரெண்டோ, முதல்ல பாஸாகணும்."

அடுத்த வாரம் அனு, தோழியோடு படிக்கப் போகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். கதவு சாத்தியதும் போனைக் கையில் எடுத்தேன். எண்களில் பாதியை அழுத்திவிட்டு வைத்துவிட்டேன். சாயங்காலம் அவள் வந்தபோது, படிப்பு முடிந்ததா என்று மட்டும் கேட்டேன். அவள் என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு என் தேர்வுப் புத்தகத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "சரி, நான் கேக்கறேன், நீ சொல்லு" என்றாள், தமிழில்.

6

சிங்கம் தேர்வில் வந்ததா என்று தெரிந்தவர்களெல்லாம் கேட்கிறார்கள். வரவில்லை. ரயில் நிலையத்துக் கூரையும் வரவில்லை. வேறு என்னென்னவோ கேட்டார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே நான்கு பதில், நான்குமே என்னை ஏமாற்றப் பார்க்கிற மாதிரிதான் இருந்தன. இரண்டு பேரும் தேறினோம். லைசென்ஸ் அட்டை தபாலில் வந்தபோது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நிஜமா என்று பார்த்தேன். அனு தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு மேனேஜர் எங்கள் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார். அறைக்குள் போகும்போது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இடம் ஒன்றுதான், ஆனால் எங்களில் ஒருவரை மட்டும் எடுப்பதில் தனக்குச் சங்கடம் என்றார் மேனேஜர். ஆகவே குளிர்காலச் சுற்றை இரண்டாக வெட்டிவிட்டாராம், வடக்குச் சுற்று ஒன்று, தெற்குச் சுற்று ஒன்று. ஆளுக்குப் பாதி வேலை. மேசைமேல் விரித்திருந்த வரைபடத்தில், நாற்பத்திரண்டாம் தெருவின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

என் வீடு வடக்கே இருப்பதால் வடக்கை எனக்குக் கொடுத்தார். முனிரத்தினம் வீடு தெற்கே, ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஆகவே தெற்கு அவருக்கு. நாங்கள் முறைத்துக்கொண்டு பிரித்துக்கொண்ட பாதிகள் அப்படியே கைமாறிப் போயின. நூலகம் மட்டும் இரண்டு சுற்றும் தொடும் நிறுத்தம் ஆனது.

"அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியுமா?" என்று மேனேஜர் கவலையோடு கேட்டார்.

"தெரியும்" என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பாதி வேலைதான். ஆனால் வீட்டை ஓட்டப் போதும். அனு பள்ளியை இங்கேயே முடிப்பாள்.

இனி நேற்று நடந்தது. காற்று முகத்தை அறுத்தது, மேல்தளத்தில் ஏழெட்டுப் பேர்தான். நூலக நிறுத்தத்தில் ஒரு பெரியவரும் அவர் மனைவியும் ஏறினார்கள், நாட்டின் நடுப்பகுதியிலிருந்து வந்தவர்கள். காலையில் தெற்குச் சுற்றுப் பஸ்ஸில் போயிருக்கிறார்கள். பெரியவர் நேராக என்னிடம் வந்தார்.

"அந்த பஸ்ஸில் இருக்கும் வழிகாட்டி, தெற்குச் சிங்கம்தான் பொறுமை என்றார். என்னை மட்டும் நம்பிவிடாதீர்கள், வடக்கு பஸ்ஸில் ஒரு அம்மா இருக்கிறார், அவரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது சரியா?"

நைனா முதல் ஆளிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை நிறுத்திவிட்டு, இன்னொருத்தரைத் தேடிப் போவார். பின்னால் உட்கார்ந்தபடி நான் முதல் ஆளின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அவமானத்தோடு. அந்த இன்னொருத்தரை நான் யோசித்ததே கிடையாது. யாரோ ஒருவர், தன் வேலையை விட்டுவிட்டு நின்று, தெரியாத மனிதனுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அவர் வார்த்தையை வைத்துக்கொண்டுதான் நாங்கள் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். நேற்று அந்த இன்னொருத்தர் நான். முனிரத்தினம் ஒரு ஆளை என்னிடம் அனுப்பியிருக்கிறார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, குளிர் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மைக் கையில் இருந்தது. பஸ் முழுவதற்கும் கேட்கட்டும் என்று வாயருகே வைத்தேன்.

"ஆமாம். அவர் சொன்னது சரி" என்றேன்.